தலைமைப் பயிற்சி: பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுக்கு எந்த வழி பொருந்தும்?

பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்த மறுவாரமே, இருபது ஆண்டுகள் கணிதம் கற்பித்த ஒருவர் தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்கிறார். பள்ளிக் கல்வித்துறையின் தகவல் தளமான எமிஸில் நிலுவையில் உள்ள பதிவுகள், காலை உணவுத் திட்டத்தின் கணக்கு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கான அறிவிப்பு, பாடவேளைப் பகிர்வு தொடர்பாக இரண்டு ஆசிரியர்களுக்கு இடையே எழுந்த மனக்கசப்பு ஆகிய அனைத்தும் ஒரே காலையில் அவர் மேசைக்கு வந்துசேர்கின்றன. கல்லூரியில் பணிமூப்பின்படி துறைத்தலைவர் ஆனவரும், கல்லூரியின் தரத்தைக் கண்காணிக்கும் உள்தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளராக அமர்த்தப்பட்டவரும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகம், முதல்வர் பொறுப்புக்கு உரியவர்களைப் பொறுப்பேற்கும் முன்பே ஆறு மாதம் முழுநேரமாகப் பயிற்றுவிக்கும் திட்டத்தை 2001ஆம் ஆண்டு முதல் நடத்திவருகிறது. நம் நாட்டில் பொறுப்பு முதலில் வருகிறது. பயிற்சி பின்னால் வருகிறது, அதையும் பெரும்பாலும் அவரவரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படித் தேடுகிறவர்கள் எழுப்பும் கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான்: அரசின் இலவசப் பயிற்சி போதுமா, பட்டயப்படிப்பில் சேரலாமா, மேலாண்மைக் கழகம் ஒன்றின் கட்டணப் பயிற்சிக்குச் செல்லலாமா, அல்லது வெளியே எங்கும் செல்லாமல் வளாகத்திலேயே ஏதேனும் ஏற்பாடு செய்துகொள்ளலாமா? இந்த நான்கு வழிகளையும் ஒரே அளவுகோல்களால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கூறப்படுபவை முதன்மையாகத் தமிழ்நாட்டின் அரசு, உதவிபெறும், தனியார் பள்ளிகளையும் கலை அறிவியல் மற்றும் பொறியியல் கல்லூரிகளையும் மனத்தில் கொண்டவை.

## எவற்றைக் கொண்டு அளப்பது?

வகுப்பறையைத் தொடுகிறதா? தலைமைப் பயிற்சி என்ற பெயரில் நடப்பவற்றுள் பெரும்பகுதி ஆளுமை வளர்ச்சி, நேர மேலாண்மை, மேடைப் பேச்சு ஆகியவற்றைச் சுற்றியே அமைகிறது. இவை பயனற்றவை என்று கூற முடியாது. ஆனால் மாணவரின் கற்றலை மாற்றும் தலைமைச் செயல் எது என்பதற்குச் சான்று இருக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த விவியான் ராபின்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008ஆம் ஆண்டில், அதற்கு முன் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பள்ளித் தலைமையின் ஐந்து கூறுகளை ஒப்பிட்டார்கள். ஆசிரியர்களின் கற்றலை முன்னெடுத்து அதில் தலைவரும் உடன் பங்கேற்பது என்ற கூறின் விளைவளவு (மாணவரின் கற்றலை அது எவ்வளவு மாற்றுகிறது என்பதைக் காட்டும் எண்) 0.84 என்றும், ஒழுங்கான பாதுகாப்பான சூழலை உறுதிசெய்வதன் விளைவளவு 0.27 என்றும் அவர்கள் கண்டார்கள். நம் தலைமையாசிரியர்களின் வேலைநாளில் எந்தக் கூறு அதிக நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்பதை அவர்களே நன்கு அறிவார்கள். எனவே ஒரு பயிற்சியின் கால அட்டவணையைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது, பிறர் வகுப்பில் அமர்ந்து கவனிப்பதையும், கவனித்ததைப் பற்றி அந்த ஆசிரியருடன் பேசுவதையும் அது கற்றுத் தருகிறதா என்பதைத்தான்.

பயிற்சிக்குப் பிறகு யார் உடன் வருகிறார்கள்? நான்கு வழிகளையும் பிரித்துக் காட்டும் அளவுகோல் இதுவே என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த ப்ரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். கோட்பாட்டைக் கேட்பதாலும், செய்முறை விளக்கத்தைப் பார்ப்பதாலும், பயிற்சிக் கூடத்தில் செய்து பழகுவதாலும் மட்டும் புதிய முறை வகுப்பறைக்குள் நுழைவதில்லை. திரும்பி வந்த பிறகு அருகில் இருந்து ஊக்கியும் திருத்தியும் உதவ ஒருவர் இருந்தால்தான் அது நிலைக்கிறது. நம் நாட்டுச் சான்றும் இதற்கு அருகில்தான் நிற்கிறது. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் பெரிய முயற்சி ஒன்றைக் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். மதிப்பீடுகள் நடந்தன, திட்ட ஆவணங்கள் எழுதப்பட்டன, படிவங்கள் நிரம்பின. ஆனால் பள்ளியின் செயல்பாட்டிலோ மாணவரின் கற்றலிலோ மாற்றம் ஏதும் தென்படவில்லை. அதற்குள் அந்த முறை வெற்றி பெற்றதாகக் கருதப்பட்டு, நாடெங்கும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிக்கப்பட்டுவிட்டது. தலைமைப் பயிற்சியின் கடைசி நாளில் ‘என் பள்ளிக்கான செயல்திட்டம்’ என்று ஒரு தாளை எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கம் உள்ள எல்லா நிறுவனங்களும் இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

நேரம். பயிற்சி நாட்களைப் பணியாகக் கருதி ஓ.டி. தருவார்களா, விடுப்பில் கழிப்பார்களா, நீங்கள் இல்லாத நாட்களில் உங்கள் வகுப்புகளை யார் எடுப்பார்கள் என்பவை இதில் அடங்கும். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் ஐந்து நாள் வெளியே சென்றால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் செலவு எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

பணம். கட்டணத்தோடு பயணம், தங்குமிடம், வரி, தேர்வுக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சான்றிதழின் பயன். பதவி உயர்வுக்கும் பணி மேம்பாட்டுக்கும் அந்தச் சான்றிதழ் ஏற்கப்படுமா என்பதை, பயிற்சியின் தரத்தோடு குழப்பிக்கொள்ளாமல் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் பதில் வேறுவேறாக இருப்பது சாதாரணம்.

உங்களுக்கு உள்ள அதிகாரம். பாடவேளை அட்டவணையை மாற்றவோ, ஆசிரியர் கூட்டத்தின் பொருளை முடிவு செய்யவோ, சிறு தொகையைச் செலவிடவோ உரிமை இல்லாத ஒருவருக்கு வியூக மேலாண்மையைக் கற்பிப்பதால் ஏமாற்றமே மிஞ்சும்.

## முதல் வழி: அரசு அமைப்புகளின் இலவசப் பயிற்சி

பள்ளித் தரப்பில் இதன் மையம் புதுதில்லியில் உள்ள நீபா, அதாவது தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம். அங்கு 2012ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியப் பள்ளித் தலைமை மையம் வகுத்த பாடத்திட்டம் ஏழு பகுதிகளைக் கொண்டது. பள்ளித் தலைமை பற்றிய பார்வை, தன்னை வளர்த்துக்கொள்ளுதல், கற்றல் கற்பித்தலை மாற்றுதல், குழுவை உருவாக்கி வழிநடத்துதல், புதுமைகளை முன்னெடுத்தல், பெற்றோரோடும் சமூகத்தோடும் கூட்டுறவு, பள்ளி நிர்வாகம் என்று அது அமைகிறது. கற்றல் கற்பித்தலுக்குத் தனிப்பகுதி ஒதுக்கியிருப்பது மெச்சத்தக்கது. இதை இணையவழியில் கட்டணமின்றிப் படிக்கலாம். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய நிஷ்தா என்ற தேசிய ஆசிரியர் பயிற்சித் திட்டமும் சுமார் 42 லட்சம் தொடக்கநிலை ஆசிரியர்களையும் பள்ளித் தலைவர்களையும் இலக்காகக் கொண்டு, தலைமைக்கென்று ஒரு பகுதியைத் தன்னுள் வைத்திருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அது அரசின் இணையவழிக் கற்றல் தளமான தீக்ஷாவுக்கு மாறியது. மாநில அளவில், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களும் தலைமையாசிரியர்களுக்கு நேரடிப் பயிற்சிகளை நடத்துகின்றன.

கல்லூரித் தரப்பில், முன்பு அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்றும் பிறகு மனிதவள மேம்பாட்டு மையம் என்றும் அழைக்கப்பட்டவை இப்போது மாளவியா ஆசிரியர் பயிற்சி மையங்களாகச் செயல்படுகின்றன. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் கீழ் நாடெங்கும் 111 மையங்கள் அறிவிக்கப்பட்டன. எட்டுப் பொருள்களுள் ஒன்று கல்வித் தலைமை, ஆளுகை, மேலாண்மை. சென்னை, பாரதிதாசன், பாரதியார், மதுரை காமராசர் பல்கலைக்கழகங்களின் மையங்களில், பாட அறிவைப் புதுப்பிக்கும் புத்தொளிப் பயிற்சிக்குச் சென்று வந்த பேராசிரியர்கள் தமிழ்நாட்டின் எந்தக் கல்லூரியிலும் இருப்பார்கள். பொறியியல், பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குச் சென்னை தரமணியில் 1964ஆம் ஆண்டு முதல் இயங்கும் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

இந்த வழியின் வலிமை, பணச் செலவு ஏறத்தாழ இல்லை என்பதும், சான்றிதழை எவரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதும் ஆகும். சிபிஎஸ்இ பள்ளிகளில் ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி கட்டாயமாக இருப்பதாலும், கல்லூரிகளில் 2018ஆம் ஆண்டின் யுஜிசி விதிமுறைகள் பணி மேம்பாட்டுக்குப் புத்தொளிப் பயிற்சி போன்றவற்றைக் கேட்பதாலும், இந்தச் சான்றிதழ்களுக்கு நேரடிப் பயன் உண்டு.

மறைமுகச் செலவுகள் மூன்று. முதலாவது, அடுக்குமுறையில் நிகழும் இழப்பு. மாநில அளவில் முதன்மைக் கருத்தாளர்களுக்குக் கற்பிக்கப்பட்டது மாவட்டக் கருத்தாளர்கள் வழியாக வட்டார வளமையத்துக்கு வந்து சேரும்போது, உரையாடலாக இருந்தது உரையாகவும், உரையாக இருந்தது படக்காட்சியாகவும் சுருங்கிவிடுகிறது. இரண்டாவது, இணையப் பயிற்சியை ‘முடித்துவிடும்’ பழக்கம். மாத இறுதிக்குள் வட்டாரத்தில் நூறு விழுக்காடு முடிந்திருக்க வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துகொண்டே இருக்கும்போது, காணொளியை ஓடவிட்டு வினாடி வினாவுக்கு மட்டும் விடையளிக்கும் ஆசிரியரைக் குறைசொல்வதில் நியாயமில்லை. அவருக்கு வேறு வழி விடப்படவில்லை. மூன்றாவது, பயிற்சிக்குப் பிறகு எவரும் தொடர்ந்து வருவதில்லை. மேலே சொன்ன இரண்டாம் அளவுகோலில் இந்த வழி மிகவும் பின்தங்குகிறது.

அரசின் ஆதரவில் இயங்கும் ஸ்வயம், என்பிடெல் ஆகிய இணையத் தளங்களின் பாடங்களையும் இங்கேயே சேர்க்கலாம். பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமானால் என்பிடெல் தேர்வுக்கு 1,000 ரூபாய் கட்டி, மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். வாராந்தர ஒப்படைவுகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75 மதிப்பெண். காலக்கெடு இருப்பதால் பலர் உண்மையாகவே படிக்கிறார்கள் என்பது இதன் நன்மை. ஆனால் பணி மேம்பாட்டுக்கு இத்தகைய திறந்த இணையவழிப் பாடத்தை (மூக்) காட்ட நினைப்பவர்கள், பதிவு செய்வதற்கு முன்பே உள்தர உறுதிப் பிரிவில் கேட்டுக்கொள்ள வேண்டும். பணிப் பாடத்துக்குத் தொடர்புடைய பாடமாக இருக்க வேண்டும் என்ற விதியைக் காரணம் காட்டி, தலைமை குறித்த பாடத்தை ஏற்கத் தயங்கும் நிர்வாகங்கள் உண்டு.

## இரண்டாம் வழி: பட்டயமும் பட்டமும்

நீபா, பள்ளித் தலைவர்களுக்கென்று பள்ளித் தலைமை மற்றும் மேலாண்மையில் ஓராண்டு முதுநிலைப் பட்டயத்தை நடத்துகிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் தொலைநிலைக் கல்வியில் கல்வி மேலாண்மை, நிர்வாகம் சார்ந்த முதுநிலைப் பட்டயங்கள் உள்ளன. எம்.எட். படிப்பில் கல்வி நிர்வாகத்தைச் சிறப்புப் பாடமாக எடுப்பது மற்றொரு வாய்ப்பு. 2014ஆம் ஆண்டின் விதிமுறைகளுக்குப் பிறகு அது இரண்டாண்டுப் படிப்பு.

குறுகிய பயிற்சியால் தர முடியாத ஒன்றை இந்த வழி தருகிறது. ஒரு கருத்தைப் படித்து, தன் பள்ளியில் பார்த்து, ஒப்படைவாக எழுதி, மீண்டும் படிக்கும் அளவுக்கு நீண்ட காலம் இதில் கிடைக்கிறது. கல்வி உரிமைச் சட்டம், நிதி விதிகள், பணியாளர் உறவு ஆகியவற்றை அடிப்படையிலிருந்து கற்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. எழுதும் பழக்கம் கைவிட்டுப்போன ஆசிரியர்களுக்கு அதை மீட்டுத் தருவதும் சிறிய பயன் அன்று.

ஆனால் சேர்வதற்கு முன் இரண்டைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் உயர்கல்வியில் சேரத் துறையின் முன்அனுமதி பெற வேண்டும். அது இல்லாமல் படித்த படிப்பைப் பணிப்பதிவேட்டில் ஏற்றுவதற்குள் பட வேண்டிய அலைச்சல் பெரிது. அடுத்து, கூடுதல் தகுதிக்கு முன்பு வழங்கப்பட்ட ஊக்க ஊதிய உயர்வைத் தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தியது. பழைய கணக்கை நம்பி, ‘இரண்டு இன்கிரிமென்ட் கிடைக்கும்’ என்று சொல்லிச் சேர்க்கும் இடைத்தரகர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இப்போது நடைமுறையில் உள்ள அரசாணையை அலுவலகத்தில் கேட்டு அறிந்த பிறகே பண நோக்கில் முடிவெடுக்க வேண்டும்.

தொலைநிலைப் படிப்பில் ஒரு தனிமையும் இருக்கிறது. ஒப்படைவைத் திருத்தி மதிப்பெண் இடுகிறவர் உங்கள் பள்ளியை ஒருபோதும் பார்த்திருக்க மாட்டார். அந்தக் குறையை ஈடுசெய்ய, அதே படிப்பில் சேர்ந்த அருகிலுள்ள ஒருவரைத் தேடிப் பிடித்துக்கொள்வது நல்லது.

## மூன்றாம் வழி: கட்டணப் பயிற்சி

இதில் இரண்டு வகைகள் உள்ளன. ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடக் கூடாது.

முதல் வகை, மேலாண்மைக் கழகங்கள் நடத்தும் குறுகிய கால உறைவிடப் பயிற்சி. அகமதாபாத் ஐஐஎம்மில் உள்ள ரவி ஜே. மத்தாய் கல்விப் புத்தாக்க மையம் பள்ளி முதல்வர்களுக்கு இத்தகைய பயிற்சியை நடத்திவந்துள்ளது. உண்மையான நிறுவனங்களில் நடந்த சிக்கல்களை முன்வைத்து விவாதிக்கும் முறையும், பல மாநிலங்களிலிருந்து வந்த முதல்வர்களோடு மாலையில் உணவு மேசையில் நிகழும் உரையாடலும் இதன் சிறப்புகள். தன் பள்ளியின் வழக்கங்களே உலக நடைமுறை என்று நம்பியிருப்பவருக்கு அந்த நாட்கள் கண்திறப்பாக அமையும். செலவு கணிசமானது. குறுகிய கால நிர்வாகப் பயிற்சிக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். அதற்கு மேல் விமானக் கட்டணம் அல்லது இரண்டு நாள் ரயில் பயணம். ஆசிரியர் இதைத் தன் சம்பளத்திலிருந்து கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிர்வாகம் கட்ட வேண்டும். கட்டும் நிர்வாகமும் ஒருவரை மட்டும் அனுப்பாமல், முதல்வரோடு துணைமுதல்வரையோ கல்வி ஒருங்கிணைப்பாளரையோ சேர்த்து அனுப்பினால்தான் திரும்பி வந்த பிறகு அங்கு பேசியதைப் பற்றி மறுபடி பேச ஓர் ஆள் இருப்பார். சில நிர்வாகங்கள் பயிற்சிக்கு அனுப்பும் முன் இத்தனை ஆண்டுகள் இங்கேயே பணியாற்ற வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்குகின்றன. அதன் கால அளவையும் அபராதத் தொகையையும் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது.

இரண்டாம் வகை, கல்வியாண்டு தொடங்கும் முன் தனியார் பள்ளி கல்லூரிகளின் அரங்குகளில் நடக்கும் ஒருநாள் ஊக்க உரை. பேச்சாளர் நன்றாகப் பேசுவார், விளையாட்டுகள் இருக்கும், எல்லாரும் சிரிப்பார்கள், பின்னூட்டப் படிவத்தில் ‘மிகச் சிறப்பு’ என்று எழுதப்படும். சோர்ந்திருக்கும் ஆசிரியர் குழுவுக்கு ஒருநாள் மகிழ்ச்சி தேவை என்றால் அதற்குச் செலவிடுவதில் தவறில்லை. அதைத் தலைமைப் பயிற்சி என்ற கணக்கில் எழுதி, அந்த ஆண்டுக்கான பயிற்சி முடிந்தது என்று கோப்பை மூடுவதுதான் ஆசிரியர்களுக்கு இழைக்கப்படும் அநீதி.

## நான்காம் வழி: வளாகத்திலேயே வழிகாட்டுதல்

மிகக் குறைவாகப் பேசப்படும் இந்த வழிக்கே முதல் இரண்டு அளவுகோல்களிலும் நான் அதிக மதிப்பெண் தருவேன். இதற்குப் பெரிய அமைப்பு தேவையில்லை. ராஜஸ்தானில் 2008ஆம் ஆண்டில் பணியைத் தொடங்கிய கைவல்யா கல்வி அறக்கட்டளை, தலைமையாசிரியரின் பள்ளிக்கே இளைஞர்களை அனுப்பித் தொடர்ந்து உடனிருக்கச் செய்தது. ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில், ஓர் ஆசிரியர் பாடம் நடத்த மற்றவர்கள் சுற்றி நின்று கவனித்துப் பிறகு கலந்து பேசும் வழக்கம் நூறாண்டுகளைக் கடந்தது. அரசின் துணையோ தொண்டு நிறுவனத்தின் துணையோ இல்லாமல், ஒரு பள்ளிக்குள்ளேயே இதன் சிறிய வடிவத்தை நடத்த முடியும்.

அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறேன். தலைமையாசிரியர் வாரத்தில் இரண்டு பாடவேளைகளை இதற்கென ஒதுக்குகிறார். ஏழாம் வகுப்புக் கணித வகுப்பில், முன்கூட்டியே சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் சென்று அமர்கிறார். பாடக்குறிப்பேட்டைக் கேட்பதில்லை, கரும்பலகை எழுத்தைப் பற்றிக் கருத்து ஏதும் கூறுவதில்லை. ஒரு வெள்ளைத்தாளில் மாணவர் அமர்ந்திருக்கும் வரிசைகளைக் கட்டங்களாக வரைந்து, ஆசிரியர் யாரைக் கேள்வி கேட்கிறாரோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைக்கிறார். கேட்டபின் விடைக்காக ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதைப் பக்கத்தில் குறிக்கிறார். இருபது நிமிடம் போதும். மதிய இடைவேளையில் அந்தத் தாளை ஆசிரியரிடமே கொடுத்துவிட்டு, “டீச்சர், புள்ளிகளைப் பாருங்கள், உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று மட்டும் கேட்கிறார். முன்வரிசையின் நான்கு கட்டங்களில் புள்ளிகள் குவிந்திருப்பதையும், சன்னலோரத்து வரிசை முழுவதும் வெறுமையாக இருப்பதையும் அந்த ஆசிரியரே முதலில் சொல்லிவிடுவார். “அடுத்த வாரம் அந்த வரிசையிலிருந்து தொடங்கிப் பார்க்கிறேன் சார்” என்று அவர் சொல்லும் இடத்தில் தலைமையாசிரியரின் வேலை பாதி முடிகிறது. மீதிப் பாதி, அடுத்த வாரம் மறக்காமல் மறுபடி சென்று அமர்வது.

இதே முறையில் தலைமையாசிரியர் தன் வகுப்புக்கும் பிறரை அழைக்க வேண்டும். ராபின்சனின் ஆய்வு சொல்லும் ‘உடன் பங்கேற்றல்’ என்பதன் பொருள் அதுதான். கல்லூரியில் இது இன்னும் கடினம், ஏனெனில் பேராசிரியரின் வகுப்புக்குள் மற்றொருவர் நுழைவதை ஐயத்தோடு பார்க்கும் வழக்கம் அங்கு வேரூன்றியுள்ளது. அங்கு வினாத்தாளிலிருந்து தொடங்குவது எளிது: துறையின் அகமதிப்பீட்டு வினாத்தாள்கள் மூன்றை மேசையில் விரித்து, எத்தனை வினாக்கள் மனப்பாடத்தை மட்டும் சோதிக்கின்றன என்று எல்லாரும் சேர்ந்து எண்ணுவது எவரையும் புண்படுத்தாது.

இந்த வழியின் செலவு பணமாக வராது; நம்பிக்கையாக வரும். வகுப்பைக் கவனிப்பது என்றாலே ஆய்வு, குறிப்பாணை, விளக்கம் கேட்பு என்று பழகிப்போன சூழலில், முதல் ஒரு பருவம் ஐயத்தோடுதான் கழியும். கவனித்த குறிப்பு ஒருமுறை மேலதிகாரியின் கோப்புக்குள் சென்றுவிட்டால், பிறகு அந்தப் பள்ளியில் இந்த முயற்சியை மீட்க முடியாது. தலைமையாசிரியருக்கே கவனிக்கத் தெரியாவிட்டால், அறியாமை இரண்டு பேருக்கிடையே பகிரப்படும் ஆபத்தும் உண்டு. ஆகவே அருகிலுள்ள பள்ளியின் அனுபவமிக்க தலைமையாசிரியரையோ, ஓய்வுபெற்ற நல்ல ஆசிரியரையோ மாதம் ஒருமுறை அழைத்து உடனிருக்கச் செய்வது அவசியம். அவருக்குப் பயணச் செலவும் ஒரு மதிப்பூதியமும் தர வேண்டும். மரியாதைக்காக வருவார் என்று விட்டுவிட்டால் மூன்றாம் மாதம் நின்றுவிடும். சான்றிதழ் கிடைக்காது என்பதும் உண்மை, சிபிஎஸ்இ பள்ளிகள் மட்டும் தம் 50 மணி நேரத்தில் பாதியான 25 மணி நேரத்தைப் பள்ளிக்குள் நடக்கும் பயிற்சியாகக் கணக்கிட முடிகிறது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | அரசின் இலவசப் பயிற்சி | பட்டயம், பட்டம் | கட்டண உறைவிடப் பயிற்சி | வளாக வழிகாட்டுதல் |
|---|---|---|---|---|
| வகுப்பறைத் தொடர்பு | பாடத்திட்டத்தில் உண்டு. நடத்தும் முறையில் குறைகிறது | ஒப்படைவு வழியாக ஓரளவு | குறைவு. நிறுவன மேலாண்மையே மிகுதி | மிக அதிகம் |
| தொடர் உதவி | ஏறத்தாழ இல்லை | படிப்பு முடியும் வரை | உடன் சென்றவர் இருந்தால் மட்டும் | வாரந்தோறும் |
| நேரம் | சில நாட்கள் முதல் சில வாரங்கள்; ஓ.டி. எளிது | ஓராண்டும் அதற்கு மேலும், சொந்த நேரம் | சில நாட்கள். விடுவிப்பு கடினம் | வாரம் இரண்டு பாடவேளை |
| பணம் | இல்லை அல்லது தேர்வுக் கட்டணம் | மிதம் | மிக அதிகம், வரியும் பயணமும் தனி | மதிப்பூதியம் மட்டும் |
| சான்றிதழின் பயன் | அதிகம் | தகுதியாக நிற்கும். ஊதியப் பயனைச் சரிபார்க்கவும் | தனியார் பணிமாற்றத்தில் உதவும் | பெரும்பாலும் இல்லை |
| மறைமுகச் செலவு | அடுக்குமுறை இழப்பு | முன்அனுமதி, தனிமை | பணி ஒப்பந்தம் | நம்பிக்கை முறியும் ஆபத்து |

## யாருக்கு எது?

புதிதாகப் பொறுப்பேற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் முதல் ஆண்டில் நீபாவின் இணையப் பாடத்தையும் வளாக வழிகாட்டுதலையும் சேர்த்து எடுத்துக்கொள்வதே சிறந்தது. பாடத்தில் ஒரு பகுதியைப் படித்த வாரத்திலேயே அதைப் பள்ளியில் செய்து பார்க்கும்படி வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வட்டாரத்தின் முடிப்பு விழுக்காட்டுக்காக ஒரே இரவில் முடித்துவிட்டவர்களும் பாடப்பொருளைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கலாம்.

ஈராசிரியர், மூவாசிரியர் பள்ளிகளில் வெளியே செல்லும் எந்தப் பயிற்சியும் குழந்தைகளின் நாளை எடுத்துக்கொள்கிறது. அவர்களுக்குக் குறுவளமையக் கூட்டமே இயல்பான இடம். அங்கு கூடும் நான்கைந்து பள்ளிகளின் ஆசிரியர்கள் அறிவிப்புகளைப் படிப்பதில் செலவழிக்கும் நேரத்தில் பாதியை ஒருவர் நடத்தும் மாதிரி வகுப்பைக் கவனிக்க ஒதுக்கினாலே போதும்.

உதவிப் பேராசிரியராக இருந்து பணி மேம்பாட்டுக்குக் காத்திருப்பவர் மாளவியா மையத்தின் பயிற்சியைத் தேர்வு செய்ய வேண்டும். விண்ணப்பிக்கும்போது தன் பாடத்துக்கான புத்தொளிப் பயிற்சியை முதலில் முடித்துவிட்டு, தலைமை குறித்ததை அடுத்து எடுத்தால் ஏற்பு குறித்த சிக்கல் எழாது. துறைத்தலைவர் ஆகிவிட்டவருக்குச் சான்றிதழைவிட, அருகிலுள்ள வேறொரு கல்லூரியின் அதே துறைத்தலைவரோடு பருவத்துக்கு இருமுறை அமர்ந்து பேசுவது பயன்படும்.

ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் மீதமிருந்து, மாவட்டக் கல்வி அலுவலர் போன்ற பொறுப்புகளை நோக்கிச் செல்பவருக்கும், கல்விக் கொள்கையில் உண்மையான ஆர்வம் உள்ளவருக்கும் பட்டயப்படிப்பு பொருந்தும். ஓய்வுக்கு இரண்டாண்டு இருக்கும்போது அதைத் தொடங்குவதில் தனிப்பட்ட மகிழ்ச்சியைத் தவிர வேறு பயனை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்த மகிழ்ச்சியும் மதிப்புடையதுதான்.

கட்டண உறைவிடப் பயிற்சி, தன்னாட்சிக் கல்லூரியின் முதல்வருக்கும், பல கிளைகள் கொண்ட தனியார் பள்ளிக் குழுமத்தின் முதல்வருக்கும் பொருந்தும். பாடத்திட்டம், நியமனம், நிதி ஆகியவற்றில் முடிவெடுக்கும் உரிமை அவர்களிடம் இருப்பதால் கற்றதைச் செய்து பார்க்க இடம் உண்டு. தாளாளரே எல்லா முடிவுகளையும் எடுக்கும் நிறுவனத்தில், பயிற்சிக்குச் செல்ல வேண்டியவர் தாளாளர்தான். முதல்வரை அனுப்புவதற்குச் செலவிடும் தொகையை வளாக வழிகாட்டிக்கு மதிப்பூதியமாகத் தருவது மேல்.

எந்த வழியானாலும், பணம் கட்டும் முன்போ பெயர் கொடுக்கும் முன்போ நடத்துபவரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள். பயிற்சி நேரத்தில் எவ்வளவு பகுதி உண்மையான வகுப்பறையைக் கவனிப்பதற்கு ஒதுக்கப்பட்டுள்ளது? நடத்துபவர்களுள் எத்தனை பேர் பள்ளியிலோ கல்லூரியிலோ தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள்? பயிற்சி முடிந்து மூன்று மாதங்களுக்குப் பிறகு எங்கள் வளாகத்துக்கு யார், எந்தத் தேதியில் வருவார்கள்? தனியார் பயிற்சியாளராக இருந்தால், மூன்று மாதங்களுக்குப் பிந்தைய அந்த வருகை நடந்து முடியும் வரை கட்டணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.